கழுவிய தட்டில் ஜாம்

அத்தியாயம் நான்கு

கொலைக் கேஸ் வரும், கொள்ளைக் கேஸ் வரும் என்று காத்திருந்த எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு டிஷ்வாஷர்.

"முகத்தைச் சரி பண்ணு," என்றார் சல்லடை மேடம், அந்த வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டே. "உள்ள போறதுக்கு முன்னாடியே நக்கல் வழியுது."

"பாத்திரம் கழுவற மெஷின் மேடம். அது மண்டையைப் போட்டா கம்பெனிக்காரனைக் கூப்பிடணும். நம்மளை எதுக்குக் கூப்பிடறாங்க?"

"தானா மண்டையைப் போடலையாம். யாரோ போட வைக்கிறாங்களாம்."

மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆய்வாளராக இருந்தவர். கடை எரிந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களின் சாம்பலைச் சலித்து, எரிந்தது சரக்கா, வெறும் அட்டைப்பெட்டியா என்று சொல்லிவிடுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் சல்லடை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், சலிப்பதிலிருந்து பெறவில்லை. தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டுவிட்டார். நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் வீட்டு உபயோகப் பொருள் கடையில் இதே மாதிரி மெஷின்களை விற்றுக்கொண்டிருந்தேன். வாய் ஜாஸ்தி என்று கடையில் வெளியே அனுப்பினார்கள். வாய் ஜாஸ்தி என்பதற்காகத்தான் மேடம் சேர்த்துக்கொண்டார். மனசு நன்றாக இருந்தால் என்னைத் 'தம்பி' என்பார். இல்லாவிட்டால் 'யோவ்'.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அது அவர் சொல்லாமலேயே தெரிந்தது. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேல் பட்டன்," என்றார் என்னிடம். நான் வாயை மூடிக்கொண்டு பட்டனைப் போட்டேன். ஹாலில் சோபா இருந்தும் நாங்கள் நுனியில்தான் உட்கார்ந்தோம்.

"மெஷின் புதுசு," என்று ஆரம்பித்தார். "வந்ததுலேர்ந்து மாத்தி மாத்தி ஏதாவது கெட்டுக்கிட்டே இருக்கு. முதல்ல ஓடவே மாட்டேன்னுச்சு. அப்புறம் உள்ள தண்ணி வரலை. அதுக்கப்புறம் வந்த தண்ணி வெளியே போகலை. இப்போ பாத்திரம் சுத்தமாகலை. யாரோ வேணும்னே பண்றாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"விடையை நீங்களே எழுதிட்டீங்க. நடுவுல இருக்கற கணக்கை மட்டும் நாங்க போடணும்," என்றேன்.

தலைமையாசிரியை என்னை விட்டுவிட்டு மேடத்தைப் பார்த்தார். "இவர் எப்பவும் இப்படித்தானா?"

"சாப்பிடும்போது கொஞ்சம் குறையும்," என்றார் மேடம். "யார் மேல சந்தேகம் டீச்சர்?"

"சமையல்காரி மேலதான். வேற யார் இருக்கா? மெஷின் வந்த அன்னைக்கே அவ முகம் செத்துப்போச்சு. எங்க தன் வேலைக்கு ஆபத்தோன்னு பயம். மெஷினைக் கெடுத்துக்கிட்டே இருந்தா நாங்க சலிச்சுப்போய் தூக்கிப் போட்டுடுவோம்னு கணக்குப் போடறா. இன்னைக்கு மத்தியான வேலை முடிஞ்சதும் அவளை அனுப்பிடப் போறேன். எதிர்வீட்டு அம்மாவும் அவளைச் சாயங்கால வேலைக்கு வச்சுக்கறதா இருந்தாங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன், இப்படி ஒரு ஆளுன்னு."

"ஆதாரம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களா?"

"ஆதாரம்தான் நீங்க கொண்டு வரப் போறீங்களே."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபத்தை அடக்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார்.

"முன்னாடி கெட்டதையெல்லாம் யார் சரி பண்ணினது? கம்பெனி ஆளா?"

"கம்பெனி ஆள் எதுக்கு? எங்க மாப்பிள்ளையே சரி பண்ணிட்டார். கையில அப்படி ஒரு வேலை." உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திச் சொன்னார்.

"மாப்பிள்ளை எங்க வேலை பார்க்கறார்?"

உயர்ந்த குரல் மளமளவென்று இறங்கியது. "அவர் கம்பெனியில ஆளைக் குறைச்சாங்க. இப்போதைக்கு வீட்ல இருக்கார்." வீட்ல என்கிற சொல்லைச் சிவப்பு மையால் வட்டம் போட்ட மாதிரி சொன்னார். "பொண்ணு சம்பாத்தியத்துலதான் ஓடுது. காலையில விடியறதுக்குள்ள கிளம்பினான்னா இருட்டினப்புறம்தான் வருவா. இன்னைக்கு என்னவோ லீவு போட்டுட்டு ரூம்ல உட்கார்ந்திருக்கா."

சமையலறைக்குப் போனோம்.

சமையல்காரம்மா சிங்க்கில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் காலடி கேட்டும் திரும்பவில்லை.

"போலீஸா?"

"இல்லம்மா, தனியார்," என்றேன்.

"அப்ப அடி விழாது."

"கையால விழாது. இவர் வாயைத் திறந்தார்னா அதைவிட மோசம்," என்றார் மேடம். "நீங்க ஏதாவது பண்ணினீங்களா?"

அவர் இப்போது திரும்பினார். கண் சிவந்திருந்தது. ஆனால் அழுத முகம் இல்லை, எரிகிற முகம்.

"நான் எதுக்குங்க பண்றேன்? மெஷின் சமைக்குமா? காய் நறுக்குமா? இந்த வேலை போனா இன்னொரு வேலை தேடிக்குவேன். ஆனா மெஷினை உடைச்சவங்கற பேரோட இந்த வாசலைத் தாண்டினா, இந்தத் தெருவுல எந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும்? டீச்சரம்மா சொன்னா எல்லாருக்கும் அது வேதவாக்கு. எதிர்வீட்டு அம்மா நேத்து வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. இன்னைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க."

பேசிக்கொண்டே ஒரு தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், அலசினார், துணியால் பளபளவென்று துடைத்தார், குனிந்து டிஷ்வாஷர் கதவைத் திறந்து உள்ளே வைக்கப் போனார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். "பழக்க தோஷம். இதைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, ஒரு நிமிஷம். கழுவித் துடைச்ச தட்டை எதுக்கு மெஷினுக்குள்ள வைக்கறீங்க?"

"கழுவறதுக்கு."

"கழுவியாச்சே!"

"டீச்சரம்மா சட்டம்ங்க அது. அழுக்குப் பாத்திரத்தை உள்ள வச்சா மெஷின் அழுக்காயிடுமாம். அதனால நான் சுத்தமாக் கழுவித் துடைச்சு வைக்கணும், அதுக்கப்புறம் மெஷின் கழுவணும்."

கடையில் நின்ற காலத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். இது புது ரகம். வீட்டில் முடி வெட்டிக்கொண்டு சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்காருகிற ரகம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடம் சிரிக்கவில்லை. "இது வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"மாப்பிள்ளைக்குத் தெரியும். பகல்ல இங்கதானே காபியை வச்சுக்கிட்டு நின்னு பேசிக்கிட்டிருப்பார். டீச்சரம்மா பொண்ணு, சின்னம்மாவுக்கு மட்டும் சொல்லக்கூடாதுன்னாங்க. அவங்க ஆசையா வாங்கிக் கொடுத்த மெஷினாச்சே, மனசு கஷ்டப்படுமாம்."

"ம்," என்றார் மேடம். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. "யோவ், மெஷினைத் திற."

சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கீழ் அடுக்கை வெளியே இழுத்து, அடியில் இருக்கிற வடிகட்டியைத் திருகி எடுத்தேன். மற்ற வீடுகளில் இதை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எடுக்க வேண்டும். பாத்திரம் சுத்தமாகவில்லை என்றால் பத்துக்கு எட்டு வீட்டில் வடிகட்டியில்தான் கோளாறு. ஊறிப்போன காய்த்தோலும் கொழுப்பும் சேர்ந்து அடைத்திருக்கும். இங்கே வடிகட்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இவ்வளவு சுத்தமான வடிகட்டியை ஷோரூம்லகூட நான் பார்த்ததில்ல. பாவம், இதுக்கு இன்னும் வேலையே கிடைக்கலை."

"அடுத்தது?"

"தண்ணி பீச்சற கை." நடுவில் காற்றாடி மாதிரி சுழல்கிற நீளமான கையைச் சுண்டிவிட்டேன். தடையில்லாமல் சுற்றியது. அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் வெளிச்சம் வரவில்லை.

பல்குத்தும் குச்சியால் ஒரு ஓட்டையைக் கிளறினேன். வெளியே வந்து விழுந்தது ஓர் எலுமிச்சை விதை. அடுத்த ஓட்டையிலும் விதை. அதற்கு அடுத்ததிலும்.

"மேடம், இங்க பாருங்க. இது உள்ள வெறும் குழாய். தண்ணி உள்ளேர்ந்து ஓட்டை வழியா வெளியே பீச்சும். தானா அடைச்சிருந்தா குப்பை உள்பக்கமாத்தான் வந்து சிக்கும். இங்க கூர் பக்கம் உள்ள இருக்கு, குண்டுப் பக்கம் வெளியே இருக்கு. யாரோ சாவகாசமா உட்கார்ந்து வெளியேர்ந்து ஒவ்வொண்ணா அழுத்தியிருக்காங்க."

சமையல்காரம்மா எட்டிப் பார்த்தார். "அப்ப வேணும்னே பண்ணினதுதானா? என் சீட்டு கிழிஞ்சுதா?"

"ஒரு ஆள் பண்ணியிருக்குன்னு விதை சொல்லுது. எந்த ஆளுன்னு இன்னும் சொல்லலை," என்றார் மேடம். "நீங்க வேலையைப் பாருங்கம்மா. போயிடாதீங்க."

மாப்பிள்ளை பின்கட்டில் இருந்தார். சுத்தமாக முகச்சவரம் செய்து, பேன்ட்டுக்குள் சட்டையைச் செருகி, யாராவது நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் அப்படியே கிளம்பிவிடலாம் என்கிற கோலத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புத்தம்புதிய கருவிப்பெட்டி. உள்ளே இருந்த ஸ்பேனர்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"மெஷினை எப்படிச் சரி பண்ணினீங்கன்னு சொல்லுங்க," என்றார் மேடம்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல் தடவை கதவு முழுசா மூடலை. மூடலைன்னா மெஷின் ஓடாது. கொக்கியில ஏதோ சிக்கியிருந்தது, எடுத்தேன். அடுத்த தடவை, சிங்க்குக்கு அடியில தண்ணி வர்ற குழாயைத் திருகி மூடியிருந்தது, திறந்தேன். அப்புறம் கழிவுத் தண்ணி போற குழாய் மெஷினுக்குப் பின்னாடி மடங்கி நசுங்கிக் கிடந்தது, நிமிர்த்தி விட்டேன்."

"எடுத்தேன், திறந்தேன், நிமிர்த்தினேன்," என்றேன். "இந்தச் சாதனைக்கு மாமியார் என்ன குடுத்தாங்க? மாலையா, கேடயமா?"

அவர் கோபப்படவில்லை. "அன்னைக்குச் சாப்பிடும்போது என்கிட்ட பேசினாங்க."

"மத்த நாள்ல பேச மாட்டாங்களா?"

"மத்த நாள்லயும் பேசுவாங்க. என்கிட்ட இல்ல. என்னைப் பத்தி."

நான் ஸ்பேனர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேடம்தான் கேட்டார். "கொக்கியில சிக்கியிருந்தது என்னது?"

"ஏதோ பிளாஸ்டிக். தூக்கிப் போட்டுட்டேன்." சொல்லும்போது அவர் கை சட்டைப்பையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

ஹாலுக்குத் திரும்பும் வழியில் மேடத்தின் காதருகே குனிந்தேன். "கேஸ் முடிஞ்சது மேடம். ஐயாவே கெடுக்கறார், ஐயாவே சரி பண்றார், ராத்திரி சாப்பாட்டுக்கு மரியாதை கிடைக்குது. எல்லாமே கையால திருகற வேலை. ஒண்ணுகூட ஐயாவோட சக்திக்கு மீறலை, பார்த்தீங்களா? மோட்டார் எரியலை, கம்பி அறுகலை."

"அதைத்தான் நானும் பார்த்தேன். அவர் சக்திக்குத் தகுந்த மாதிரியே கெடுது."

"அப்புறம் என்ன? கையில விலங்கு மாட்டிடலாம்."

"நம்மகிட்ட விலங்கு இல்ல. முதல்ல தட்டைப் பார்ப்போம்."

தட்டு கண்ணாடி அலமாரியில், பள்ளிக்கூடம் வாங்கிய கேடயங்களுக்கு நடுவில் வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு பாத்திர மூடி. தலைமையாசிரியை அதை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் காய்ந்துபோன சிவப்புக் கறை.

"மெஷின் ஓடி முடிச்சதுக்கு அப்புறம் வெளியே எடுத்த தட்டு. கறை அப்படியே இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

மேடம் முகர்ந்தார். "ஜாம். முதல்ல யார் பார்த்தது?"

"என் பொண்ணு. நேத்துக் காலையில ஆபீஸ் கிளம்பற அவசரத்துல மெஷினைத் திறந்திருக்கா. உடனே, 'ஏங்க, இங்க வாங்க, மெஷின் கழுவவே இல்ல பாருங்க'ன்னு மாப்பிள்ளையைக் கூப்பிட்டா. அவர் வர்றதுக்குள்ள நான் போயிட்டேன். யாரும் கை வைக்கக்கூடாதுன்னு சொல்லித் தட்டை எடுத்து வச்சேன்."

"டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவர் உள்ளே போனதும் மேடம் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். முகத்தில் சிரிப்பு.

"தம்பி."

நான் நிமிர்ந்தேன். தம்பி என்றால் ஏதோ கிடைத்துவிட்டது.

"இந்தத் தட்டு மெஷினுக்குள்ள போகும்போது எப்படி இருந்துச்சு?"

"அழுக்கா..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இல்ல. அக்கா சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சு வச்சாங்க. சுத்தமா."

"வெளியே வரும்போது?"

"ஜாமோட."

"அப்ப என்ன அர்த்தம்?"

"சுத்தமான தட்டை வாங்கி ஜாம் தடவிக் குடுக்கற மெஷின். மேடம், இது மட்டும் எனக்குக் கடையில கிடைச்சிருந்தா ஒரே நாள்ல வித்துத் தள்ளியிருப்பேன்."

"வாயை மூடிட்டு யோசி. இந்த வீட்ல மெஷின் முழுசா செத்துப்போனாக்கூட தட்டு சுத்தமாத்தான் வெளியே வரும். கழுவவே இல்லன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அதைக் காட்டறதுக்கு யாரோ கைப்பட ஜாம் தடவியிருக்காங்க. தட்டெல்லாம் அழுக்காத்தான் உள்ள போகுதுன்னு நம்பிக்கிட்டிருக்கற ஆள்தான் அப்படிப் பண்ணும். அக்கா இல்ல, கழுவறதே அவங்க. டீச்சர் இல்ல, சட்டம் போட்டதே அவங்க. மாப்பிள்ளையும் இல்ல, தினம் நின்னு பார்க்கறார். மிச்சம்?"

மூடியிருந்த அறைக் கதவை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடிக்கணினி திறந்திருந்தது, திரை அணைந்திருந்தது. மேடம் ஓர் எலுமிச்சை விதையை எடுத்துக் கணினி மேல் வைத்தார்.

"ஜாம் எடுத்த பாட்டிலை எங்கம்மா வச்சீங்க?"

அவர் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கியது. பின்னாலேயே வந்திருந்த மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அதன் மேல் சாய்ந்தார்.

"அம்மா இவரை எப்படிப் பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது," என்றார் மகள். குரல் உடைந்தது. "நேரா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. 'மாப்பிள்ளை தூங்கட்டும், பாவம், எழுந்து என்ன பண்ணப் போறார்'னு சுவத்தைப் பார்த்துச் சொல்வாங்க. ஒருநாள் அம்மா கையில இருந்த மிக்ஸி மூடியை இவர் சும்மா திருகிச் சரி பண்ணிக் குடுத்தார். அன்னைக்கு அம்மா, 'அட, பரவாயில்லையே'ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு இவர் ரெண்டு நாள் நிமிர்ந்து நடந்தார். அதான்... வீடியோ பார்த்து, இவரால சரி பண்ண முடியறதா பார்த்துப் பார்த்துக் கெடுத்தேன்."

"பொண்டாட்டிக்காக மலையைக் குடையற புருஷனைக் கதையில படிச்சிருக்கேன். புருஷனுக்காக எலுமிச்சை பிழியற பொண்டாட்டியை இப்பத்தான் பார்க்கறேன்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். தலையில் மாட்டுகிற கிளிப்பின் ஒடிந்த பல்.

"கதவுக் கொக்கியில சிக்கியிருந்தது இதுதான். உன்னோடதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சது."

"தெரியுமா? எல்லாம் தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சரி பண்ணி முடிச்சதும் உன் முகத்தைப் பார்த்தேன். வேலை போனதுலேர்ந்து அந்த முகத்தை நான் பார்க்கவே இல்ல. மெஷின் திரும்பவும் கெடாதான்னு இருந்துச்சு."

நல்ல இடத்தில் அத்தியாயம் முடிகிறது என்று நினைத்தேன். மேடம் விடவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு. நீங்க இவருக்காகக் கெடுத்தீங்க, இவர் உங்களுக்காக வாயை மூடிக்கிட்டார். உங்க ரெண்டு பேரோட அன்புக்கு அந்தச் சமையலறையில நிக்கற அம்மாவோட வேலை போகுது, பேர் போகுது. அவங்களைப் பத்தி உங்கள்ல யார் யோசிச்சீங்க?"

மகள் விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அம்மா சும்மா மிரட்டறாங்கன்னு நினைச்சேன்," என்றார் மகள். "அப்புறம்தான் நிஜமாவே அனுப்பப் போறாங்கன்னு தெரிஞ்சது. பேசிப் பார்க்கலாம்னுதான் லீவு போட்டேன்."

"பேசினீங்களா?"

மகள் மடிக்கணினியை மூடினார்.

"நான் பண்ணினேன்னு சொல்லிடறேன்," என்றார் மாப்பிள்ளை. "எனக்குப் போறதுக்கு இனிமே என்ன மரியாதை இருக்கு?"

"அது இன்னொரு பொய். ஏற்கெனவே இந்த வீட்ல நிறைய இருக்கு," என்று சொல்லிவிட்டு மேடம் கதவைத் திறந்தார்.

ஹாலில் தலைமையாசிரியை தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தார். மத்தியான வேலையை முடித்துவிட்ட சமையல்காரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

மேடம் ஒதுங்கி நின்று மகளுக்கு வழி விட்டார்.

"நான்தாம்மா," என்றார் மகள். "எல்லாத்தையும் நான்தான் பண்ணினேன். தட்டுல ஜாம் தடவினதும் நான்தான்."

"நீயா? எதுக்கு?"

"இவரைப் பத்தி உன் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வரணும்னுதான். அது தானா வரலை. ஏதாவது உடைஞ்சாத்தான் வந்துச்சு."

டம்ளரிலிருந்த தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. தலைமையாசிரியை மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூடத்தையே வாயைப் பொத்த வைத்த அந்த அம்மா, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். மகளிடம் குற்றம் கண்டுபிடித்தார்.

"ஜாம் தடவினா உடனே நம்பிடுவாங்களா? தட்டெல்லாம் கழுவித்தானே உள்ள போகுது!"

"கழுவியா?" மகள் திகைத்துப்போய்ச் சமையல்காரம்மாவைப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளா அந்த மெஷின் என்னத்தைக் கழுவிச்சு?"

"நான் கழுவினதைச் சரி பார்த்துச்சு சின்னம்மா," என்றார் சமையல்காரம்மா.

இந்த முறை நான் சிரித்துவிட்டேன். தலைமையாசிரியை என்னை முறைத்தார். ஆனால் அந்த முறைப்பில் பழைய காரம் இல்லை. விஷயத்தை முடித்துவிடலாம் என்று சமையல்காரம்மா பக்கம் திரும்பினார்.

"சரி சரி, ஏதோ நடந்துபோச்சு. நீ பையை வச்சுட்டு உள்ள போ. உன்னை யாரும் அனுப்பலை."

சமையல்காரம்மா நகரவில்லை.

"ஏதோ நடந்துபோகலை டீச்சரம்மா. நீங்க நடத்தினீங்க. கேஸ் நடத்தி, சாட்சி வச்சு, துப்பறியற ஆளையெல்லாம் கூட்டிட்டு வந்தீங்க. தப்பு என்மேலன்னு இருந்திருந்தா தெரு பூரா சொல்லியிருப்பீங்க. பாதி சொல்லியும் முடிச்சுட்டீங்க. இப்ப என்மேல இல்லன்னு ஆனதும் 'உள்ள போ'வா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"எதிர்வீட்டு அம்மாகிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்கல்ல, அவங்க வாசல்லயே போய், அது நான் இல்லன்னு சொல்லுங்க. யாருன்னு சொல்ல வேண்டாம், அது உங்க வீட்டு விஷயம். நான் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கப்புறம் இங்க வர்றதா, வேற வீட்டுக்குப் போறதான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

சொல்லிவிட்டு நேராக வாசலைத் தாண்டிப் போனார். கேட்டை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார். எனக்கென்னவோ அடித்துச் சாத்தியிருக்கலாம் என்று இருந்தது.

"அம்மா, நான் போய்ச் சொல்றேன்," என்றார் மகள்.

"சொன்னது நீ இல்ல," என்றார் தலைமையாசிரியை. டம்ளரை மேஜை மேல் வைத்தார். புடவை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். மாப்பிள்ளையைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது மட்டும் இன்றைக்கு வரவில்லை. தெருவில் இறங்கினார்.

நாங்களும் பின்னாலேயே வெளியே வந்தோம். எதிர்வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் வருவதைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, "என்ன டீச்சர், அனுப்பிட்டீங்களா?" என்று ஆவலோடு கேட்டார்.

தலைமையாசிரியை அக்கம்பக்கம் பார்த்தார். மேல்மாடியில் துணி காயப்போடுகிறவர் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திரை விலகியது.

"அது... வந்து..." குரல் உதட்டைத் தாண்டவில்லை. "நான் சொன்னேனே... அந்தப் பொம்பளை இல்ல அது."

"என்ன டீச்சர்?" என்றார் எதிர்வீட்டு அம்மா, காதை முன்னால் கொண்டுவந்து.

மேடம் என் முழங்கையை இடித்து, தெருமுனையைக் காட்டினார். சமையல்காரம்மா போகவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

"சத்தமாச் சொல்லுங்க டீச்சரம்மா," என்றார் அங்கிருந்தே. "கடைசி வரிசைக்குக் கேட்கலை."

தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.